வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீங்க

போன இதழில் ஏதோ பேச்சுவாக்கில், சென்னை எழும்பூர் மியூசியத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டின கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஆனாலும் நஷ்டமில்லை, கட்டடத்தைப் பார்த்தேனே என்று இரண்டு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் வந்த கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. மாங்காய் விலை, பத்திரப்பதிவு, பல்வலி எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளியாயிற்று. இந்த முறை மியூசியம் மட்டும்.

*

எங்கள் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை ஒருநாள் சென்னைக்குக் கூட்டிப்போகிறோம். மெரினா, வண்டலூர், எழும்பூர் மியூசியம் மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. மியூசியத்துக்கு ஒரு மணி நேரம் வைத்திருக்கிறோம். போதுமா சார்?
– ஓர் ஆசிரியை, பென்னாகரம்

போதாது டீச்சர். 40 பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், வரிசையில் நிறுத்தி, தலை எண்ணி முடிப்பதற்கே அரை மணி போய்விடும். மிச்ச அரை மணியில் "நிக்காத, நட, அடுத்த ரூம்" என்று விரட்டிக்கொண்டே போனால் ஊர் திரும்பும்போது அவர்கள் நினைவில் இருப்பது திமிங்கல எலும்புக்கூடும் உங்கள் சத்தமும்தான். வண்டலூரை எடுத்துவிடுங்கள், அதற்கு ஒரு முழுநாள் தனியாக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் வண்டலூரே இந்த மியூசியத்திலிருந்து புறப்பட்டதுதான். 1851-ல் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டரின் பொறுப்பில் மியூசியம் தொடங்கியபோது அது நுங்கம்பாக்கம் பக்கம் காலேஜ் ரோட்டில், ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று சொல்லப்பட்ட கட்டடத்தில் இருந்தது. 1854-ல் எழும்பூருக்கு வந்தது. பாடம் பண்ணின மிருகத்தைவிட உயிருள்ள மிருகத்துக்குத்தான் கூட்டம் சேரும் என்று பால்ஃபர் மியூசியத் தோட்டத்திலேயே சில மிருகங்களை வளர்த்தார். அவை பெருகி 1863-ல் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூர் போய்ச் சேர்ந்தன. சென்னைப் பழசுகள் மியூசியத்தை "செத்த காலேஜ்" என்றும் மிருகக்காட்சி சாலையை "உயிர் காலேஜ்" என்றும் சொன்னது இதனால்தான். இந்த ஒன்றை மட்டும் ரயிலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவைத்துவிடுங்கள், அப்புறம் அவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.

மியூசியம் வந்து உட்கார்ந்த அந்த இடத்துக்கு ஏற்கெனவே பாந்தியன் என்று பெயர். இன்றைக்கும் வாசலில் ஓடுகிற ரோடு பாந்தியன் ரோடுதான். 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மதராஸில் இருந்த வெள்ளைக்காரர்கள் கூடி விருந்து சாப்பிட, நடனம் ஆட, நாடகம் பார்க்க ஓர் இடம் வேண்டுமென்று வைத்துக்கொண்டது. நம் கணக்கில் கிளப்பும் கல்யாண மண்டபமும் சேர்ந்த மாதிரி. நடுவில் ஓர் ஆர்மீனிய வியாபாரி கைக்குப் போய், 1830-ல் அரசாங்கத்திடம் வந்தது. ஆட்டம் போட்ட கூடத்தில் கல்லையும் எலும்பையும் கொண்டுவந்து வைத்தார்கள், பிறகு இடம் போதாமல் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக்கொண்டே போனார்கள். அதனால் அந்த வளாகம் ஒரே கட்டடமாக இருக்காது, நான்கு தலைமுறை சேர்ந்து கட்டின கிராமத்து வீடு மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். தலையும் வாலும் புரியவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான்.

நான் சொல்வது இதுதான். டிக்கெட் வாங்கிய உடனே உள்ளே ஓடாதீர்கள். முதலில் வெளியில் ஒரு சுற்று. அரைவட்டமாக முன்னுக்கு வளைந்து நிற்கிறதே, அது மியூசியம் தியேட்டர். அதை ஒட்டி கன்னிமாரா நூலகம், 1896-ல் திறந்தது. அதன் பழைய கூடத்தில் வண்ணக் கண்ணாடியும் தேக்கு அலமாரிகளும் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஆனால் அது எப்போதும் திறந்திருக்காது, கேட்டுப் பாருங்கள். அப்புறம் தேசியக் கலைக்கூடம், அந்தச் சிவப்புக் கட்டடம். மூன்றையும் காட்டி, "இதில் எது படிக்கக் கட்டினது, எது பேச்சுக் கேட்கக் கட்டினது, எது சும்மா பெருமைக்குக் கட்டினது?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பத்து நிமிடம் அவர்களை விட்டுவிடுங்கள், சண்டையே போடுவார்கள். அப்புறம் உள்ளே ஒரே ஒரு கூடம், வெண்கலச் சிலைகள். அடம் பிடிக்காமல் இருந்தால் கடைசியில் திமிங்கலம்.

பயணத்துக்கு மொரப்பூரில் ரயில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர், பிறகு நடந்தோ ஆட்டோவிலோ. வெள்ளிக்கிழமை விடுமுறை. இதை நான் என் கால்வலியால் கற்றேன்.

*

நான் பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடுகிற ஆள். டிவியில் அந்த மியூசியத்தில் சிவப்பாக ஒரு கட்டடம் காட்டினார்கள். அது என்ன கல்? நம்ம ஊர்க் கல்லை ஏன் போடவில்லை? எந்த ராஜா கட்டினது?
– ஒரு வாசகர், பர்கூர்

இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தேன் சார். கட்டடத்தைப் பார்த்துவிட்டு "அழகு, பிரமாதம்" என்று எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர், என்ன கல் என்று கேட்க நீங்கள் ஒருத்தர்.

ராஜா யாரும் கட்டவில்லை. விக்டோரியா மகாராணி செத்துப்போன பிறகு அவர் ஞாபகமாக எழுப்பிய மண்டபம் அது. 1906-ல் அப்போது இளவரசராக வந்திருந்த ஐந்தாம் ஜார்ஜ் அடிக்கல் நாட்டினார், 1909-ல் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தேசியக் கலைக்கூடம் என்று பெயர் மாறியது. வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின், கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டர் நம் நாட்டுக்காரர், நம்பெருமாள் செட்டியார். மதராஸில் அந்தக் காலத்துப் பெரிய சிவப்புக் கட்டடம் எதைத் தொட்டாலும் இந்த இரண்டு பெயரில் ஒன்றாவது ஒட்டிக்கொண்டு வரும், 1892-ல் முடிந்த ஐகோர்ட் உட்பட.

நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடச் சுற்றுலா என்றாலே மைசூர்தானே, நீங்களும் ஆறாவதிலோ ஏழாவதிலோ போயிருப்பீர்கள். அந்த அரண்மனைக்கு 1897-ல் வேலை தொடங்கி 1912-ல் முடித்ததும் இதே இர்வின்தான். சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையும் அவருடையது. ஆக மைசூர் பார்த்தவருக்கு எழும்பூர் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி முறை. முகச்சாயல் தெரியும், தேடிப் பாருங்கள்.

கல்லுக்கு வருவோம். அது சத்தியவேட்டிலிருந்து வந்த மணற்கல், இளஞ்சிவப்பு நிறம். சத்தியவேடு இப்போது ஆந்திராவில் இருக்கிறது, சென்னைக்கு வடமேற்கே பக்கம்தான். நம்ம ஊர்க் கல்லை ஏன் போடவில்லை என்பதற்கு உங்கள் கையே பதில் சொல்லும். கிரானைட்டில் ஒரு பூ செதுக்க எத்தனை உளி மழுங்கும்? இர்வினுக்குத் தேவைப்பட்டது அக்பர் காலத்து வேலைப்பாடு. நடுவில் ஆள் மேல் ஆள் நின்றாலும் எட்டாத பெரிய வளைவு, ஃபத்தேபூர் சிக்ரியில் அக்பர் கட்டின புலந்த் தர்வாசா வாசலை மனசில் வைத்துப் போட்டது. அதற்கு மேலும் பக்கத்திலும் குட்டிக் குட்டிக் கவிகைகள், குடை கவிழ்த்த மாதிரி கூரை. சுவரெல்லாம் கொடியும் கோலமும். இதற்கெல்லாம் மணற்கல்தான் வளைந்து கொடுக்கும். ஆனால் அது தண்ணீர் குடிக்கிற கல். நம்ம கல் மழையில் குளித்துவிட்டுத் துடைத்துக்கொண்டு நிற்கும், மணற்கல் அப்படி இல்லை, ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். கடற்கரை ஊரில் நூறு வருடம் நின்ற கட்டடம், அதனால் விரிசலும் பழுதும் வந்து பல வருடங்கள் பூட்டியே கிடந்தது. நீங்கள் போகிற அன்றைக்கு உள்ளே விடுவார்களா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். விடாவிட்டாலும் வெளியிலிருந்து பார்க்கப் பாதிக்கு மேல் இருக்கிறது.

எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு வழக்கும் உண்டு. இங்கிலாந்து ராணிக்கு, மதராஸில், டில்லிப் பக்கத்து பாதுஷா வாசலை வைத்து ஒரு மண்டபம். என்னய்யா கணக்கு இது? கதம்பச் சாதம். ஆனால் கதம்பச் சாதம் எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, இது உங்களுக்காகவே. பழைய கட்டடத்தில் அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன, கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்த ஸ்தூபத்திலிருந்து பெயர்த்து வந்தவை. ஒரு பகுதி லண்டன் போய்விட்டது, பெரிய பகுதி இங்கே. அது சுண்ணாம்புக் கல், கிட்டத்தட்டப் பளிங்கு மாதிரி வழவழப்பு. அதில் பல பலகைகளை அந்தக் காலத்தில் சுவரோடு சேர்த்து சிமென்ட் வைத்துப் பதித்துவிட்டார்கள். சிமென்ட்டில் பதித்த கல்லுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் ஏறுகிற ஈரமும் உப்பும் நேராகக் கல்லுக்குள் போகும். மழைக்கும் வெயிலுக்கும் பயந்து உள்ளே கொண்டுவந்த கல்லை அந்தச் சுவரே தின்றது. கிட்டப் போய் விளிம்புகளைப் பாருங்கள், உங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவு எனக்குத் தெரியாது.

*

போன மாசம் பேரனோட மியூசியம் போனேன். நடராசர் எதிரில் நின்னதும் என்னை அறியாமக் கை கூப்பிட்டேன், காலில் செருப்பு. பேரன் "பாட்டி, இது பொருட்காட்சி" என்று சிரிச்சான். தப்புப் பண்ணிட்டேனா தம்பி?
– ஒரு பாட்டி, காவேரிப்பட்டணம்

தப்பே இல்லை அம்மா. பேரன்தான் அவசரப்பட்டுவிட்டான். அந்தச் சிலைகள் பொருட்காட்சிக்காக வார்த்தவை இல்லையே.

மூலவர் கல், கோயிலைவிட்டு வெளியே வரமாட்டார். ஊர்வலத்துக்கு உற்சவர், அவர்தான் வெண்கலம். அடுத்த தடவை போனால் பீடத்தின் ஓரத்தைப் பாருங்கள், துளையோ வளையமோ இருக்கும், தண்டு கோத்துத் தோளில் தூக்குவதற்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் நிற்கிறவர் ஒரு காலத்தில் மேளத்தோடு தெருத்தெருவாகப் போனவர். படையெடுப்புக்கும் திருட்டுக்கும் பயந்து பல இடங்களில் இந்தச் சிலைகளை மண்ணில் புதைத்துவைத்தார்கள், புதைத்தவர்களும் செத்துப்போய் இடமும் மறந்துபோயிற்று. பிறகு எப்போதோ யாரோ உழும்போது, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது கொழுவில் தட்டும், கடப்பாரையில் தட்டும். 1878-ல் வந்த புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும், அந்த வழியாகத்தான் பல சாமிகள் எழும்பூர் வந்து சேர்ந்தன. மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த வெண்கலத்துக்கு ஒரு வியாதியும் வரும் அம்மா. மண்ணின் உப்பு உள்ளே ஏறி, வெளியே எடுத்த பிறகும் பச்சைப் பச்சையாகப் பொரிந்து உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். அதற்கு வைத்தியம் பார்க்கவே 1930-ல் மியூசியத்துக்குள் ஒரு ரசாயனக் கூடம் வைத்தார்கள், பரமசிவன் என்ற விஞ்ஞானி அதை நடத்தினார். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்.

கோயிலில் உற்சவரை நாம் முழுசாகப் பார்த்ததே இல்லை, யோசித்துப் பாருங்கள். பட்டும் மாலையும் போக முகம் தெரியும், அதிகம் போனால் ஒரு கை. மியூசியத்தில்தான் திருவாலங்காட்டு நடராசரின் முதுகு தெரிகிறது, தூக்கின காலின் கெண்டைச்சதை தெரிகிறது. திருவெண்காட்டு அர்த்தநாரியில் ஒரு பாதி இடுப்பு ஒரு மாதிரியும் மறு பாதி வேறு மாதிரியும் இறங்குகிற அந்த வளைவை, துணி கட்டியிருந்தால் யாராவது பார்த்திருக்க முடியுமா? ரொதேன் என்று பிரெஞ்சுச் சிற்பி ஒருவர், பெரிய ஆள், இந்தத் திருவாலங்காட்டு நடராசரின் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு 1913-ல் பக்கம் பக்கமாக எழுதினார். நேரில் பார்க்கவில்லை. நீங்கள் நேரில் பார்த்தீர்கள், செருப்போடு என்றாலும்.

மெழுகில் உருவம் பிடித்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை ஓட்டிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள், ஆறின பிறகு மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் ஓர் அச்சில் ஒரு சாமிதான். இதைப் பேரனுக்குச் சொல்லுங்கள், அடுத்த தடவை சிரிக்க மாட்டான்.

*

ஓசூர்க்காரனுக்கு சென்னை எதற்கு? 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே கஸ்தூர்பா ரோட்டில் தகரக் கொட்டகை மாதிரி ஒரு மியூசியம் கட்டியிருக்கிறார்களே, அதுவும் கட்டடமா?
– ஒரு வாசகர், ஓசூர்

தகரம் இல்லை, எவர்சில்வர். நீங்கள் சொல்வது 2023-ல் திறந்த மேப் என்கிற கலை, புகைப்பட மியூசியம். பழைய ரயில்வே ஸ்டேஷன்களில் உயரத்தில் இரும்புத் தண்ணீர்த் தொட்டி பார்த்திருப்பீர்களே, சதுரச் சதுரத் தகடு, ஒவ்வொன்றின் நடுவிலும் பெருக்கல் குறி அழுத்தியிருக்கும். அந்தத் தொட்டியைத்தான் மனசில் வைத்து மேத்யூ அண்ட் கோஷ் என்ற கட்டடக்கலை நிறுவனம் இதை வரைந்தது. தகட்டில் அப்படி மடிப்பு அழுத்தினால் மெல்லிய தகடும் விறைப்பாக நிற்கும், உங்கள் ஊர் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணீரைச் சேர்த்து வைக்கிற மாதிரி கலையைச் சேர்த்து வைக்கிறோம் என்பது அவர்கள் விளக்கம். எனக்கு அந்த விளக்கத்தைவிடத் தகடுதான் பிடித்தது. எழும்பூர்க் கட்டடம் மாதிரி எங்கிருந்தோ வளைவைக் கடன் வாங்காமல், தினமும் பார்க்கிற ஒரு சாமானிலிருந்து எடுத்தார்கள் பாருங்கள், அந்த ஒன்றுக்காகவே போகலாம்.

அதே ரோட்டில் கொஞ்சம் தள்ளி அரசு மியூசியம், 1877 கட்டடம், ரிச்சர்ட் சாங்கி வரைந்தது, பெங்களூரின் சாங்கி ஏரிக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். சிவப்புச் சுவர், வெள்ளைத் தூண், எதிரில் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்த மாதிரி எவர்சில்வர் பெட்டி. 146 வருட இடைவெளியை ஐந்து நிமிட நடையில் கடக்கலாம். நேரம் இருந்தால் பேலஸ் ரோட்டில் நவீனக் கலைக்கான தேசியக் காட்சிக்கூடம், 2009-ல் திறந்தது. சுரங்கத் தொழில் செய்த மாணிக்கவேலு முதலியார் குடும்பத்தின் மாளிகை அது, பழைய வீட்டைக் கெடுக்காமல் பின்னால் புதுக் கட்டடம் சேர்த்திருக்கிறார்கள், மரங்கள் அப்படியே நிற்கின்றன. வீடாக இருந்த இடத்தில் ஓவியம் பார்ப்பது தனி சுகம், படுக்கையறையாக இருந்திருக்குமோ, சாப்பாட்டு அறையோ என்று யோசித்துக்கொண்டே நகரலாம்.

ஓசூரிலிருந்து பஸ்ஸில் பொம்மசந்திரா, அங்கே மெட்ரோ பிடித்து மாறி மாறிக் கப்பன் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் டிராஃபிக்கில் மாட்டாமல் தப்பிக்கலாம். மேப்புக்கும் தேசியக் காட்சிக்கூடத்துக்கும் திங்கள்கிழமை விடுமுறை. வெள்ளியும் திங்களும் குழம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

கல்லைப் பார்க்கக் கல் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகணுமா? எங்கள் ஊர்க் காட்டில் நடுகல் சும்மா நிற்கிறது, ஆடு கட்டுகிறார்கள். அதையெல்லாம் சென்னைக்கு அள்ளிக்கொண்டு போய்க் காட்சி வைக்கிறதுதான் மியூசியமா?
– ஒரு வாசகர், அரூர்

கோபம் நியாயம். ஆனால் முதலில் ஒரு திருத்தம். நம் பக்கத்து நடுகற்களைப் பார்க்கச் சென்னை போகவே வேண்டாம். தருமபுரியிலேயே அகழ்வைப்பகம் இருக்கிறது, நடுகற்களுக்குப் பேர் போனது. கிருஷ்ணகிரியில் 1993-லிருந்து அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டுக்கும் போகிறவர்கள் எத்தனை பேர்? ஜவுளி எடுக்கத் தருமபுரி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது, நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

நடுகல் எதற்கு நட்டது? ஊர் மாட்டை வேற்றூரான் ஓட்டிக்கொண்டு போகிறான், மீட்கப் போனவன் அம்பு பட்டுச் செத்தான், அவன் பெயரையும் ஆட்சி ஆண்டையும் வட்டெழுத்தில் வெட்டி, வில்லோடு அவன் நிற்கிற மாதிரி செதுக்கி, அந்த வழியாகப் போகிறவன் பார்க்கட்டும் என்று வைத்தார்கள். உங்கள் ஊருக்கு அந்தப் பக்கம் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள், நாயின் பெயர் கோவிவன், இரண்டு கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தும் இருக்கிறது. அரசன் பெயரோடு நாய் பெயரும் நிற்கிற கல் அது. அது அங்கேயே நின்றால்தான் மலையும் மேய்ச்சல் காடும் சேர்ந்து அர்த்தம் தரும், நான் உங்கள் கட்சிதான். ஆனால் ஆடு கட்டுவது பரவாயில்லை, ரோடு அகலப்படுத்தும்போது ஜேசிபி வந்து தள்ளிவிட்டால்? கிணற்று மேட்டில் துணி துவைக்கிற கல்லாகக் கவிழ்த்துப் போட்டால்? அப்போது தருமபுரிக் கூடத்துக்கு வருவதுதான் கல்லுக்கு நல்லது. அதற்குமேல் தூரம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம் சென்னையில் நம்ம சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். ஆந்திராவில் இருக்கிற ஏமாவதியிலிருந்து கொண்டுவந்த, நுளம்பர் என்ற அரச வம்சத்தின் காலத்துச் சிற்பங்கள் எழும்பூரில் இருக்கின்றன. 9, 10-ஆம் நூற்றாண்டில் தகடூரை, அதாவது நம்ம தருமபுரியை, ஆண்டதும் அதே நுளம்பர்தான். தருமபுரிக் கோட்டை மல்லிகார்ஜுனர் கோயிலில் தரையைத் தொடாத தொங்கு தூணுக்குக் கீழே துண்டை விட்டு இழுத்து விளையாடியிருக்கிறோமே, அந்தக் கோயிலைப் பார்த்துவிட்டு எழும்பூர் போனால் கல் பேசுகிற பாஷை ஒன்றாக இருப்பது தெரியும்.

இதில் நமக்கு ஒரு பழைய பாத்தியதையும் உண்டு. நம் தகடூர் அதியமான் ஒளவையாரைத் தொண்டைமானிடம் தூது அனுப்புகிறான். தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைச் சுற்றிக் காட்டுகிறான், எல்லாம் மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று காவல் உள்ள மாளிகையில் வரிசையாக இருக்கின்றன. ஒளவையார் பார்த்துவிட்டு, இவையெல்லாம் இப்படி இருக்கின்றன, எங்கள் ஆள் ஆயுதங்களோ குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புறநானூற்றில் இருக்கிறது. தமிழில் மியூசியம் பார்த்துவிட்டு எழுதின முதல் விமர்சனம் இது என்றே நான் சொல்வேன், எழுதினவர் நம்ம ஊர்க் கட்சி. ஆகவே அரூரிலிருந்து இப்படிக் கோபம் வருவது ஆச்சரியமில்லை சார், ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் ஒளவையாரும் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

*

உள்ளே செல்ஃபி எடுக்கலாமா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

கேமராவுக்குத் தனிச்சீட்டு கேட்பார்கள், வாங்கிவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். நடராசருக்கு முதுகைக் காட்டி நிற்காமல் இருக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் உங்கள் இஷ்டம்.

*

நான் பிளஸ் டூ படிக்கிறேன். ஆர்கிடெக்சர் படிக்க ஆசை. மியூசியம் எல்லாம் ஏன் இருட்டாகவே இருக்கிறது அண்ணா? நல்ல கட்டடம் என்றால் வெளிச்சம் வேண்டாமா?
– ஒரு மாணவி, ஊத்தங்கரை

வெளிச்சம் வேண்டும் பாப்பா, ஆனால் யாருக்கு? உனக்கு வேண்டும், படத்துக்கு ஆகாது. வாசல் திண்ணையில் மாட்டின காலண்டர் வருடக் கடைசியில் வெளுத்துப்போகிறதே, அதேதான். காகிதம், துணி, நீர்வண்ண ஓவியத்துக்கெல்லாம் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் வைக்காதே என்பது மியூசியக்காரர்களின் பொது வழக்கம், எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை போகலாம். நம் ஊர் மத்தியான வெயிலில் மொட்டை மாடியில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும், இப்போது கணக்குப் போட்டுக்கொள். கல்லுக்கு இந்தப் பயம் இல்லை, கல் சிற்பத்துக்குப் பக்கவாட்டில் வெயில் விழுந்தால்தான் செதுக்கல் எழுந்து வரும், நேராக விளக்குப் போட்டால் தட்டையாகிவிடும். ஒரே கூரைக்குள் இரண்டையும் வைக்க வேண்டுமானால் ஜன்னலை எந்தத் திசையில், எந்த உயரத்தில் வைப்பாய்? மியூசியம் கட்டுகிறவரின் தலைவலியில் முக்கால்வாசி இதுதான்.

எழும்பூரின் பழைய கூடங்கள் இந்தக் கணக்கெல்லாம் வருவதற்கு முன்னால் கட்டியவை, உயரமான கூரை, பெரிய ஜன்னல், காற்றுக்காக. பிறகு பொருளைக் காப்பாற்ற அதில் பலவற்றை மறைக்க வேண்டியதாயிற்று. பெங்களூரு எவர்சில்வர் பெட்டியில் முதலிலேயே கணக்குப் போட்டுப் பெரும்பகுதியை மூடிவிட்டார்கள். எது மேல் என்று என்னைக் கேட்டால், பார்க்க நன்றாக இருப்பது பழசு, ஓவியத்துக்கு நல்லது புதுசு. இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டு நீ சொல். அதற்கு முன்னால் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உங்கள் தாலுகா ஆபீஸிலோ பள்ளிக்கூடத்திலோ உட்கார்ந்து, காலை ஒன்பது மணி, பன்னிரண்டு, நாலு மூன்று வேளைக்கும் வெயில் எந்தத் தூண் வரை வருகிறது என்று வரைந்து எனக்கு அனுப்பு. நன்றாக இருந்தால் இந்தப் பக்கத்தில் போடச் சொல்லி ஆசிரியரிடம் சண்டை போடுகிறேன்.

*

பூட்டிக் கிடந்த மியூசியத்தைப் பார்த்துவிட்டு நஷ்டமில்லை என்று எழுதியிருந்தீர்கள். வீம்புக்குச் சொன்னதுதானே?
– ஒரு வாசகர், காரிமங்கலம்

பாதி வீம்பு. அன்றைக்கு மத்தியானம் கேட்டில் வாட்ச்மேன் "ஃப்ரைடே லீவு சார், போர்டு இருக்கு பாருங்க" என்றபோது எனக்கு அழுகையே வந்தது, மொரப்பூரில் விடிகாலை ரயில் பிடிக்க மூன்று மணிக்கு எழுந்தவன். எதிர்ப்பக்கம் போய் ஒரு டீயைக் குடித்துவிட்டு, கம்பி வேலிக்கு வெளியே பாந்தியன் ரோட்டு நடைபாதையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். அரைவட்டத் தியேட்டர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது, உள்ளே போயிருந்தால் ஒவ்வொரு பொருளாகப் பார்த்துக்கொண்டே இதைக் கோட்டை விட்டிருப்பேன். மூன்று மணிக்கு வெளிறின ரோஜா நிறத்தில் இருந்த அந்தச் சிவப்புக் கட்டடம் வெயில் இறங்க இறங்கச் சுட்ட செங்கல் நிறத்துக்குப் போனது, வளைவின் உள்பக்கம் மட்டும் கருநீலமாக நிழல் கட்டியது. இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று நின்றதில் திரும்பிப்போக வேண்டிய ரயிலும் போய்விட்டது.

அப்புறம் என்ன, ராத்திரி எழும்பூர் லாட்ஜில் படுத்துவிட்டு மறுநாள் காலை போனேன். சனிக்கிழமை, திறந்திருந்தது.